பட்டமா, பட்டறையா, பக்கத்து மேசையா?

மார்ச் மாதம் பிறந்ததும் மனிதவளப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்துவிடும்: உங்கள் அலுவலகத்தில் யாருக்கு என்ன பயிற்சி வேண்டும், பட்டியல் அனுப்புங்கள். இதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஓரளவு பெரிய நிறுவனங்கள் மொத்தச் சம்பளத் தொகையில் 1 சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்ட வேண்டும். அந்த ஆண்டின் பயிற்சித் திட்டத்தை ஏப்ரல் 30-க்குள் தங்கள் துறையின் பயிற்சி ஆணையத்திடம் கொடுத்தால் கட்டியதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பல்கலைக்கழகங்களுக்கு அந்த ஆணையம் ஈடிடிபி சேட்டா. கெடு நெருங்குவதால் பல அலுவலகங்களில் போன வருடப் பட்டியலையே தூசி தட்டி, பெயர்களை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

நான் டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஃபேகல்டி அலுவலகத்தில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவள். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம், டொங்காட் போன்ற, இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பகுதிகளிலிருந்து வந்து பல்கலைக்கழகக் கவுன்ட்டர்களில் உட்கார்ந்திருக்கும் நம்மவர்கள் பலர். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பாடம் நடத்த வந்து, பிறகு துறைத்தலைவர் நாற்காலிக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தையும் நேரத்தையும் எதில் போடுவது? பட்டப்படிப்பிலா, இரண்டு நாள் பட்டறையிலா, வெளியூர் வெளிநாட்டுப் பயிற்சியிலா, புது மென்பொருளிலா, இல்லை அலுவலகத்துக்குள்ளேயே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பதிலா?

ஒவ்வொன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். பயிற்சி பெற்றவர் அடுத்த மாதமே வேறு வேலைக்குப் போய்விட்டால் அலுவலகத்தில் என்ன மிஞ்சும்?

பேராசிரியர்களைப் பற்றி இந்த நாடு யோசித்திருக்கிறது. 2012-இல் வந்த தேசிய வளர்ச்சித் திட்டம், முனைவர் பட்டம் பெற்ற பல்கலைக்கழக ஆசிரியர்களின் பங்கை 34 சதவீதத்திலிருந்து 2030-க்குள் 75 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2015 முதல் என்கேப் திட்டத்தில் இளம் விரிவுரையாளர்களுக்கு நிரந்தர வேலையும் குறைந்த பாடச்சுமையும் கொடுத்து முனைவர் பட்டம் முடிக்க வழி செய்கிறார்கள். 2018-இல் பல்கலைக்கழகத் திறன் மேம்பாட்டுத் திட்டம் என்று தனி மானியமே வந்தது. எல்லாமே தேவையானவை, நான் மனதார வரவேற்பவை. ஆனால் பதிவு செய்பவர், மதிப்பெண் ஏற்றுபவர், தேர்வு அட்டவணை போடுபவர், உதவித்தொகைப் பட்டியல் சரிபார்ப்பவர் ஆகியோருக்கு இப்படி ஒரு எண்ணை யாரும் இலக்காக வைத்ததில்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு ஒரே ஒரு படிவத்தைக் காட்டினால் போதும். அரசு மானியம் எங்களுக்குக் கிடைப்பது ஹெமிஸ் என்ற தகவல் முறையில் நாங்கள் அனுப்பும் கணக்கை வைத்துத்தான். எத்தனை மாணவர்கள் எந்தப் பாடத்தில் படித்தார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எவ்வளவு ஆராய்ச்சி வெளிவந்தது என்பதை வைத்து, இரண்டு வருடம் முந்தைய தரவுப்படி பணம் வருகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கணக்கெடுப்புத் தேதி உண்டு. அந்தத் தேதிக்கு முன் ஒரு மாணவி பாடத்தை விட்டுவிட்டால் அவள் கணக்கில் வரமாட்டாள். அதற்குப் பிறகு விட்டால் வருவாள். சரி, மார்ச்சில் ஒரு மாணவி பாடத்தை ரத்து செய்யப் படிவம் கொண்டுவருகிறாள். அவள் கையெழுத்துப் போட்ட தேதி ஒன்று, கவுன்ட்டரில் முத்திரை குத்திய தேதி ஒன்று, கணினியில் ஏற்றிய தேதி ஒன்று. மூன்றும் வேறு வேறாக இருக்கலாம். எந்தத் தேதியைப் போட வேண்டும், ஏன் அதைப் போட வேண்டும் என்று தெரியாத எழுத்தர், கணினி காட்டும் இன்றைய தேதியை அப்படியே விட்டுவிடுவார். தணிக்கையாளர் மாதிரிக்கு எடுக்கும் கோப்புகளில் அது அகப்பட்டால் விளக்கம் கேட்பார்கள். அகப்படாவிட்டால் கணக்கு தவறாகவே போய்ச் சேரும். பணத்தில் அது தெரியவரும்போது இரண்டு வருடம் ஓடியிருக்கும். காரணம் யாருக்கும் நினைவிருக்காது. அந்தக் கவுன்ட்டரில் இருப்பவர் பெரும்பாலும் அலுவலகத்திலேயே குறைந்த சம்பளம் வாங்குபவர்.

நம் சமூகத்துக்கும் இந்த வேலைக்கும் உள்ள தொடர்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1961-இல் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியை டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் தொடங்கினார்கள். அதுதான் பிறகு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004-இல் நட்டால் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இன்றைய குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆனது. கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த எம்.எல். சுல்தான் கொடுத்த நன்கொடையில் வளர்ந்த தொழில்நுட்பக் கல்லூரி, 2002-இல் டெக்னிகான் நட்டாலுடன் சேர்ந்தது. இன்று அது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அந்த இணைப்புக் காலத்தில் நாடு முழுவதும் 36 நிறுவனங்கள் 23 ஆகின. பின்னர் புதிதாக மூன்று சேர்ந்து இப்போது 26. இரண்டு விதிப் புத்தகம், இரண்டு விதமான பாடக் குறியீடு, இரண்டு ஊழியர் கூட்டம் எல்லாம் ஒன்றாகும்போது இடைவெளியை நிரப்பியவர்கள் அனுபவசாலிகளான எழுத்தர்கள். பழைய மாணவர் ஒருவர் 1990-களில் படித்த பாடத்துக்கு இன்று எதைச் சமமாகக் காட்டுவது என்பது அவர்களின் தலைக்குள் இருந்தது. அந்தத் தலைமுறை இப்போது ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது.

முதலில் பட்டப்படிப்பு. பல பல்கலைக்கழகங்களில் ஊழியர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. இல்லாவிட்டாலும் யூனிசாவில் தொலைநிலையில் படிக்கலாம். தேசியத் தகுதிச் சட்டகத்தில் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் நான்காவது படி, இளநிலைப் பட்டம் ஏழாவது, முனைவர் பட்டம் பத்தாவது. மெட்ரிக்கோடு வேலைக்கு வந்த ஒரு பெண் மாலை வீட்டுக்குப் போய்ச் சமைத்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பார்த்து, இரவு ஒன்பது மணிக்கு மேல் தன் அசைன்மென்ட்டை எடுக்கிறாள். மூன்று வருடப் படிப்புக்கு ஆறு வருடம் பிடிக்கிறது. பொது நிர்வாகம் அல்லது மனிதவளம் படித்துப் பட்டம் வாங்கிவிடுகிறாள். அப்புறம்? பதவிகளைத் தரம் பிரிக்கும் பெரோம்னஸ் முறையில் அவள் இருக்கும் கிரேடுக்கு அடுத்த படியில் அலுவலகத்தில் காலியிடம் இல்லை. மாநகராட்சியிலோ மாகாண அரசிலோ நல்ல வேலை கிடைத்துப் போய்விடுகிறாள். போக வேண்டியவள்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதனால் பட்டப்படிப்புக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். இன ஒதுக்கல் காலத்தில் படிக்க வாய்ப்பே இல்லாமல் பதினெட்டு வயதில் தட்டச்சுக்கு வந்தவர்கள் இன்னும் எங்களோடு வேலை செய்கிறார்கள். படிப்பு அவர்களுக்குச் சேர வேண்டிய உரிமை. ஆனால் அதை அலுவலகத்தின் திறன் கணக்கில் சேர்க்காதீர்கள். ஐந்து பேர் பட்டம் படிக்கிறார்கள், எங்கள் அலுவலகம் முன்னேறுகிறது என்று அறிக்கையில் எழுதுவது தவறான கணக்கு. அந்தச் செலவுக்குத் தனிப் பத்தி, அலுவலகப் பயிற்சிக்குத் தனிப் பத்தி என்று பிரித்து வையுங்கள்.

வளரும் நாடுகளின் பல்கலைக்கழகங்கள் இந்தப் பாடத்தை முன்பே படித்திருக்கின்றன. 1960-களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இபதான், மக்கரேரே, நைரோபி போன்ற இடங்களில் பணத்தைக் கொட்டி இளம் ஆசிரியர்களை வெளிநாட்டுக்கு முனைவர் பட்டம் படிக்க அனுப்பியது. நல்ல அறிஞர்கள் உருவானார்கள். அவர்கள் திரும்பிவந்து உட்கார்ந்த கட்டடங்களில் பதிவாளர் அலுவலகத்துக்கு அந்த அளவு கவனிப்பு கிடைக்கவில்லை. பக்கத்து நாடான மொசாம்பிக்கில் வேறு விதம். 1975-இல் சுதந்திரம் வந்ததும் போர்த்துகீசியர்கள் கூட்டமாக வெளியேற, மப்புட்டோவின் எடுவார்டோ மொண்ட்லேன் பல்கலைக்கழகத்தில் உள்ளூர் ஆசிரியர்கள் விரல்விட்டு எண்ணும் நிலை. பின்னாளில் சுவீடன் உதவியோடு அங்கே நடந்தது சாண்ட்விச் முறை. மாணவர் சுவீடனில் பதிவு செய்திருப்பார். கொஞ்ச காலம் அங்கே, கொஞ்ச காலம் சொந்தப் பல்கலைக்கழகத்தில். ஆராய்ச்சி பெரும்பாலும் சொந்த நாட்டுப் பிரச்சினை மீது. வேரை அறுக்காமல் படிக்கும் வழி அது. அதிலிருந்து ஒரு பயனுள்ள நிபந்தனையை நாம் எடுத்துக்கொள்ளலாம்: கட்டணச் சலுகையில் டிப்ளமாவோ ஆனர்ஸோ படிப்பவரின் கடைசி வருட ஆய்வு நம் அலுவலகத்தின் ஒரு சிக்கலைப் பற்றியதாக இருக்கட்டும். மதிப்பெண்கள் ஏன் தாமதமாக வருகின்றன என்று ஒருவர் ஒரு வருடம் உட்கார்ந்து ஆராய்ந்தால், அவர் போன பிறகும் அந்த ஆய்வு எங்கள் அலமாரியில் இருக்கும்.

இரண்டு நாள் பட்டறைகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. உம்லாங்காவில் ஓட்டல், மதியம் பஃபே, கையில் கோப்பு, முடிவில் சான்றிதழ். பேசுபவர் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே ஸ்லைடைக் காட்டுவார். திங்கட்கிழமை மேசைக்குத் திரும்பினால் அதே வரிசை, அதே படிவம். ஆனாலும் சில சமயம் இதுதான் சரியான வழி. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தபோது, அப்பா தொலைபேசியில் கேட்டாலும் மகளின் மதிப்பெண்ணைச் சொல்லலாமா கூடாதா என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளக்க வேண்டியிருந்தது. அதற்குப் பட்டறை பொருந்தும். கூட்டக் குறிப்பு எழுதுவது, எக்செல் போன்ற தனித்தனித் திறன்களுக்கும் பொருந்தும். கற்றதை ஒரு வாரத்துக்குள் மேசையில் செய்து பார்க்க முடியுமென்றால் மட்டும் அனுப்புங்கள். மாணவர் பதிவு நடக்கும் ஜனவரி, பிப்ரவரியில் யாரையும் அனுப்பாதீர்கள்.

வெளியே போய்ப் பழகும் வாய்ப்புகள் நாம் நினைப்பதைவிட அதிகம். யுனிவர்சிட்டீஸ் சவுத் ஆப்பிரிக்கா அமைப்பின் ஹெல்ம் திட்டம் டீன்கள், துறைத்தலைவர்கள், மூத்த நிர்வாகிகளுக்குத் தலைமைப் பயிற்சி தருகிறது. ஜெர்மனியின் டாட் அமைப்பு டீஸ் என்ற பெயரில் வளரும் நாடுகளின் பல்கலைக்கழக மேலாளர்களுக்கென்றே 2001 முதல் பயிற்சிகளை நடத்துகிறது. எராஸ்மஸ் பிளஸ் வழியாக அலுவலக ஊழியர்கள்கூட ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குச் சில நாள்கள் போய்வரலாம். இது பேராசிரியர்களுக்கு மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டு அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் இந்திய அரசின் ஐடெக் திட்டம் 1964 முதல் நடக்கிறது.

இதில் என் கருத்து ஆளைப் பொறுத்து மாறும். கவுன்ட்டர் எழுத்தருக்கு இது முதல் தேவை இல்லை. புதிதாகத் துறைத்தலைவராகும் ஆசிரியருக்குக் கட்டாயம் வேண்டும். இருபது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவருக்குப் பட்ஜெட், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாவற்றையும் ஒரே நாளில் தலையில் கட்டுகிறோம். மூன்று வருடம் கழித்து, வேலை பிடிபடும் நேரத்தில், அடுத்தவர் வந்துவிடுகிறார். அந்த மூன்று வருடத் தவறுகளின் சுமை அலுவலக ஊழியர் மீதுதான் விழுகிறது. ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கோ இதுவே முதலிடம். வெளிநாட்டு நிதியின் ஒப்பந்தம், ராண்ட் விலை ஏறி இறங்குவது, நிதி கொடுத்தவரின் தணிக்கை ஆகியவற்றை அதே வேலையைச் செய்யும் இன்னொருவரிடமிருந்துதான் கற்க முடியும். நம் கட்டடத்தில் அப்படி ஒருவர் இருக்கமாட்டார். அந்தத் தொழிலுக்கென்று தென் ஆப்பிரிக்கப் பகுதியில் சரிமா என்ற சங்கம் இருக்கிறது. அதன் கூட்டத்தில் பழக்கமானவரிடம் அவசரத்துக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ள முடிவது பெரிய லாபம்.

அடுத்தது மென்பொருள். இதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது, ஆனால் பயிற்சிப் பணத்தை விழுங்குவது பெரும்பாலும் இதுதான் என்பதால் ஒப்பிட்டே ஆக வேண்டும். இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர் நிர்வாகம் ஐடிஎஸ் மென்பொருளில் நடக்கிறது. நல்ல கருவி. ஒரு பாடத்துக்கு முன்தகுதி வேண்டுமென்றால் அது கேட்கும். தகுதி இல்லாத மாணவரைத் தடுக்கும். தடுத்ததை விலக்கும் வசதியும் அதில் உண்டு. எப்போது விலக்கலாம், யாருடைய அனுமதியோடு விலக்கலாம் என்பதை மென்பொருள் சொல்லித்தராது. புது சிஸ்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலோசகர்களை அமர்த்தும் மேலதிகாரிகளிடம் நான் கேட்பது ஒன்று: இப்போது நடக்கும் முறையை இரண்டு பக்கத்தில் எழுதிக் காட்ட முடியுமா? முடியாதென்றால், எழுத முடியாத ஒன்றைக் கணினிக்குள் ஏற்றப் பார்க்கிறோம்.

தேசிய அளவில் நடந்ததையும் எல்லோரும் பார்த்தோம். உதவித்தொகை வழங்கும் என்எஸ்ஃபாஸ் 2023-இல் பல்கலைக்கழகங்களை விலக்கிவிட்டு, நான்கு நிதித் தொழில்நுட்ப நிறுவனங்கள் மூலம் மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியது. பணம் வராத மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2024 ஏப்ரலில் அமைச்சர் அதன் நிர்வாகக் குழுவையே கலைத்தார். வாடகையும் சாப்பாடும் இல்லாமல் கவுன்ட்டருக்கு வந்து நின்ற பிள்ளைகளுக்குப் பதில் சொன்னவர்கள், அந்தப் பண வழங்கலில் எந்தப் பங்கும் இல்லாத பல்கலைக்கழக எழுத்தர்கள். வெளியே வாங்கும் திறன் ஒப்பந்தம் முடியும்போது போய்விடும் என்பது எனக்கு அன்று நன்றாகவே உறைத்தது.

இப்போது பக்கத்து மேசை, அதாவது அலுவலகத்துக்குள்ளேயே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பது. என் விருப்பம் இதன் பக்கம்தான். அதனால் இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன்.

தைப்பூசம் பெரும்பாலும் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ வரும். எங்களுக்குப் பதிவுக் காலத்தின் உச்சம் அது. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை கிடையாது. காவடி எடுப்பவர்கள் சொந்த விடுப்பில்தான் போக வேண்டும். அன்றைக்கு அலுவலகத்தில் மிச்சமிருப்பவர்களைப் பார்த்தால் யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்த மாணவனின் பழைய பாடங்களுக்குச் சலுகை பதிவு செய்ய ஒரே ஒரு அக்காவுக்குத்தான் தெரியும். அவர் கோயிலில் இருக்கிறார். உம்லாசியிலிருந்து இரண்டு டாக்ஸி மாறி வந்த மாணவனை நாளைக்கு வா என்று திருப்பி அனுப்புகிறார்கள். தீபாவளி வந்தால் தேர்வுக் காலத்தில் இதே கதை. தேர்வெழுதத் தகுதி தரும் டிபி சான்று மறுக்கப்பட்டதால் தேர்வு எழுத முடியாத மாணவனின் முறையீட்டை யார் எடுத்துப் பார்ப்பது என்று ஆள் தேடுவார்கள்.

அந்த அக்காவின் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். அட்டை போட்டு, ஓரம் கிழிந்து, பச்சை மையில் திருத்தங்களோடு. இந்தப் பாடக் குறியீடு 2008-இல் மாறியது, இந்தப் பேராசிரியர் ஒப்பமிடாமல் இதை ஏற்றாதே, இந்தத் திரையில் எஃப்8 அழுத்துமுன் சேமி என்றெல்லாம் எழுதியிருக்கும். எந்தப் பட்டறையும் தராத அறிவு அது. ஓய்வு பெறும் நாளில் அந்த நோட்டு பையோடு வீட்டுக்குப் போய்விடும்.

இந்த அறிவை அடுத்தவருக்குக் கடத்தும் முறையை இப்படி அமைக்கலாம். முக்கியமான ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர். தெரிந்தவர் செய்து காட்டுவார்; கற்பவர் படிப்படியாக எழுதுவார். எழுதுவது கற்பவராக இருக்க வேண்டும் என்பது முக்கியம். தெரிந்தவர் எழுதினால் தனக்குப் பழகிப்போன படிகளை விட்டுவிடுவார். பிறகு இரண்டு பேருமே இல்லாமல் மூன்றாவது ஆள் அந்தத் தாளை மட்டும் வைத்து வேலையைச் செய்து பார்க்க வேண்டும். எங்கே நின்றுபோகிறாரோ அங்கே தாளைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் அது எந்த விதியிலிருந்து வருகிறது என்ற குறிப்பும் வேண்டும். மேலே சொன்ன தேதிச் சிக்கலைத் தீர்ப்பது அந்தக் குறிப்புதான். காரணம் தெரிந்தவர் இன்றைய தேதியை அப்படியே விடமாட்டார்.

இதற்கு நேரம் வேண்டும், நேரம் என்றால் பணம். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வாரத்தில் இரண்டு காலை கவுன்ட்டரைப் பத்தரை மணிக்குத் திறப்பதாக அறிவித்துவிட்டு அந்த நேரத்தைக் கற்பதற்கு வைக்கலாம். அல்லது ஓட்டல் பட்டறைக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு தற்காலிக ஊழியரை அமர்த்தலாம். வேலைக்கு நடுவே பார்த்துக் கற்றுக்கொள் என்று சொல்வது கற்றுக்கொடுப்பதாகாது. கட்டண அலுவலகம், தேர்வுப் பிரிவு, உதவித்தொகை மேசை என்று சில வாரங்கள் மாறி மாறி உட்கார வைத்தால் இன்னும் நல்லது. அங்கே போய்வந்தவர், நம் பக்கத்திலிருந்து போகும் தவறான படிவம் அங்கே என்ன பாடுபடுத்துகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவார்.

குறைகள் மூன்று. தவறான பழக்கமும் சேர்ந்தே கடத்தப்படும். எப்போதும் இப்படித்தான் செய்வோம் என்ற பதிலில் பாதி விதிக்குப் பொருந்தாதவை. ஆகவே எழுதிய தாள்களைப் பதிவாளர் அலுவலகத்திலிருந்தோ உள்தணிக்கையிலிருந்தோ ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். அடுத்தது, கையில் சான்றிதழ் வராது. இளையவர்களுக்கு அது நியாயமான கவலை. உள்ளகப் பயிற்சி என்று பெயர் வைத்து, யார் யாரிடம் எந்த வேலையைக் கற்றார் என்று இருவரும் கையெழுத்திட்டு ஊழியர் கோப்பில் வையுங்கள். பதவி உயர்வு நேர்காணலில் காட்டலாம், முன்னனுபவத்துக்கு அங்கீகாரம் கேட்டுப் படிப்பில் சேரும்போதும் கைகொடுக்கும்.

மூன்றாவதைப் பற்றி நம்மவர்கள் வெளியே பேசுவதில்லை. ஓய்வுக்கு நெருங்கும் இந்திய வம்சாவளி ஊழியர் பலருக்கு, பக்கத்து மேசையில் இருக்கும் இளம் சூலு சகாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் தன் வேலைக்கு ஆபத்து என்ற பயம் இருக்கிறது. அந்த இளையவருக்கோ, வேண்டுமென்றே தன்னிடம் மறைக்கிறார்கள் என்ற சந்தேகம். இரண்டிலும் வரலாற்றின் காயம் இருக்கிறது. மேலாளர் இதைக் கண்டும் காணாமல் விட்டால் எந்த ஏற்பாடும் நடக்காது. கற்றுக்கொடுப்பதை மூத்தவரின் பணி ஒப்பந்தத்தில் ஒரு பொறுப்பாக எழுதி, அதற்கு மதிப்பெண்ணும் கொடுக்க வேண்டும். உங்கள் வேலை ஓய்வு வரை உங்களுடையது என்று நேராகச் சொல்ல வேண்டும். கற்பது இரண்டு பக்கமும் ஓடும்போது பயம் குறைவதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோரின் தாய்மொழி இசிசூலு. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல் இளநிலை மாணவர்களுக்கு இசிசூலு பாடத்தைக் கட்டாயமாக்கியது. நம் மூத்தவர்கள் பலருக்குத் தெரிந்தது சந்தையிலும் தோட்டத்திலும் பேசும் உடைந்த சூலு. அதை மரியாதையான மொழியாகத் திருத்திக்கொடுக்க அந்த இளையவரைவிட நல்ல ஆசிரியர் இல்லை. கவலையோடு வரும் மாணவனிடம் அவன் மொழியில் இரண்டு வாக்கியம் சரியாகப் பேசினால் வரிசையின் சத்தமே மாறிவிடுகிறது.

இனி முடிவு எடுக்கும் இடம். உங்கள் அலுவலகத்தில் இரண்டு வருடத்துக்குள் ஓய்வு பெறப்போகும் மூத்தவர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இந்த வருடப் பணம், நேரம் எல்லாவற்றையும் பக்கத்து மேசையில் போடுங்கள். மூத்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், இருப்பவர்கள் அனைவரும் புதியவர்கள் என்றால் கற்றுக்கொடுக்க உள்ளே ஆள் இல்லை. அப்போது ஓய்வு பெற்றவர் ஒருவரைச் சில மாத ஒப்பந்தத்தில் திரும்ப அழையுங்கள், அல்லது நன்றாக நடக்கும் வேறொரு ஃபேகல்டியில் உங்கள் ஆளை ஒரு மாதம் உட்கார வையுங்கள். நகரத்தின் மறுபக்கம் இருக்கும் பல்கலைக்கழகத்தைக் கேட்கவும் தயங்காதீர்கள். குவாசூலு-நட்டால் மாகாணத்தின் பல்கலைக்கழகங்களுக்கு இளநிலை மாணவர் விண்ணப்பங்கள் பெரும்பாலும் சிஏஓ என்ற ஒரே மைய அலுவலகம் வழியாக வருகின்றன, நம் எழுத்தர்களின் தலைவலியில் பாதி பொதுவானது. தணிக்கையில் ஹெமிஸ் தரவு மீது குறை வந்திருந்தால் மென்பொருள் ஆலோசகரைக் கூப்பிடும் முன், படிவங்களைக் கையாளும் ஆட்களோடு உட்கார்ந்து விதியை வாசியுங்கள். சட்டமோ மென்பொருளின் பதிப்போ மாறிய வருடத்தில் பட்டறைக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள். ஹெல்ம் போன்றவற்றுக்குப் புதிய துறைத்தலைவரை, பொறுப்பேற்ற முதல் வருடத்திலேயே அனுப்புங்கள். பட்டப்படிப்புச் சலுகை எப்போதும் போலத் தொடரட்டும், தனிப் பத்தியில்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது வேறு: நான் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? இரண்டையும் கேளுங்கள். படிப்பு உங்களை மேலே கொண்டுபோகும். அலுவலக வேலையின் நுணுக்கம், நீங்கள் படித்து முடிக்கும் அந்த ஆறு வருடமும் உங்களுக்கு மதிப்பைத் தேடித்தரும். நேர்காணலில் சான்றிதழோடு, நான் எழுதிய கையேடு இது என்று ஒரு தாள் கட்டை மேசை மேல் வைப்பவர்களை நான் மறப்பதில்லை.

இன்னொன்று விட்டுப்போகக் கூடாது. பயிற்சிப் பட்டியலில் பெரும்பாலும் நிரந்தர ஊழியர்களின் பெயர்கள்தான் இருக்கின்றன. பதிவுக் காலக் கவுன்ட்டரில் பாதிப் பேர் ஒப்பந்த ஊழியர்கள். டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்து, ஜனவரியில் புதுப்பித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மாணவன் முதலில் பார்ப்பது அவர்கள் முகத்தை. தேதியைப் போடுவது அவர்கள் விரல். அவர்களை இந்த இருவர் ஏற்பாட்டில் சேர்க்கத் தனிச் செலவு எதுவும் இல்லை, சட்டத் தடையும் எனக்குத் தெரிந்து இல்லை. அடுத்த பட்டியலை நீங்கள் தயாரிக்கும்போது முதல் இரண்டு வரியில் அவர்கள் பெயரை எழுதுங்கள். மனிதவளப் பிரிவு ஏன் என்று கேட்டால், பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு நாள் கீழே இறங்கி வந்து கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.